பொதுவுடைமை இயக்கப் பிளவும் இரு நாவல்களும்

இடதுசாரிகளின் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவோர் தலைவர்களின் அறிக்கைகளையே சான்றாகக் காட்டுவர். அவ்வியக்கம் ஈன்ற இலக்கியத்தை எடுத்து நோக்குவோர் சிலரே. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1964 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவினின்று 32 பேர் வெளியேறினர். அவ்வாண்டு முடிவதற்குள் கட்சி இரண்டாயிற்று. காங்கிரசு ஆட்சியோடு கொள்ளத்தக்க உறவு யாது, 1962ஆம் ஆண்டுச் சீனப் போரை எவ்வாறு மதிப்பது என்பன பூசலின் வேர்கள். பிளவு எழுத்துலகையும் தொட்டது. ஜீவா 1959இல் தொடங்கிய 'தாமரை' இதழும், 1961இல் அவர் தலைமையில் எழுந்த கலை இலக்கியப் பெருமன்றமும் ஒருபுறம் நின்றன. 1970இல் தோன்றிய 'செம்மலர்' இதழும், 1975இல் அமைந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் மறுபுறம் நின்றன.

இவ்விரு முகாம்களினின்றும் அடுத்தடுத்து இரு நாவல்கள் வந்தன. மார்க்சிஸ்டு அணியைச் சார்ந்த கு. சின்னப்ப பாரதியின் 'தாகம்' 1975இலும், பெருமன்றத்தைச் சார்ந்த பொன்னீலனின் 'கரிசல்' 1976இலும் வெளியாயின.

'தாகம்' கொங்கு நாட்டுக் கதை. சிறு நிலமுடைய உழவர் குடும்பம் நிலத்தை இழந்து, பிறர் பண்ணையில் அடிமைபோல் உழைக்கும் நிலைக்குத் தாழ்கிறது. 'கரிசல்' நெல்லைச் சீமைக் கதை. அங்கே பள்ளிக்கு வரும் ஆசிரியர் ஒருவர் உழவர் துயரைக் கண்டு அவர்களோடு நிற்கிறார். அட்டையைக் கிழித்துவிட்டு இவற்றைப் படிப்பவர், எது எந்தக் கட்சியாருடையது என்று எளிதில் கூறிவிட இயலுமோ? கட்சியைப் பிளந்த சர்ச்சை இவ்விரண்டில் எதற்கும் அச்சாணியன்று. நிலமும் கடனும் கூலியுமே இரண்டனுக்கும் பொருள்.

வேற்றுமை இல்லையோ எனின், உண்டு. அது கொள்கையால் வந்ததன்று. கதை சொல்லும் நிலையால் வந்தது. 'தாகத்தில்' போராட்ட உணர்வு இழப்பினின்று மெல்ல முளைக்கிறது. 'கரிசலில்' அவ்வுணர்வுக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் துணையாகிறார். ஊர் முழுவதையும் ஒருங்கே காட்டும் ஆற்றல் பின்னதற்கு மிகுதி. எனினும் முன்னதே நெஞ்சில் ஆழப் பதிகிறது என்பது என் துணிபு. ஆசிரியராகிய நமக்குக் 'கரிசல்' இனிப்பதற்கு நம்மவர் ஒருவர் அதில் முன்நிற்பதும் காரணமாகலாம். திறனாய்வுக்கு அது போதாது. குறையிலும் இவை உடன்பிறப்புகளே: பாத்திரம் வாழ்வதை விட்டுப் பேருரை ஆற்றத் தொடங்குமிடத்தில் இரண்டும் தளர்கின்றன.

கட்சிப் பிளவு பொய்யன்று. அதற்காகச் சிறை சென்றோரும் உளர். இந்நாட்டிலும் 1957இல் தொழிற்கட்சியும் மக்கள் கட்சியும் கூடி அமைத்த சோசலிச முன்னணி பத்தாண்டு நிறையுமுன் கலைந்தது. ஆனால், எழுத்தாளர் எந்தச் சங்கத்தார் என்று கேட்டு, அதன்பின் நூலைப் புகழ்வதும் இகழ்வதும் திறனாய்வாகா. 'தாமரை' படித்தவர் 'தாகத்தை' ஒதுக்கினும், 'செம்மலர்' படித்தவர் 'கரிசலை' ஒதுக்கினும் இழப்பு வாசகர்க்கே. தோட்டப்புற வாழ்வை அறிந்த நம் மாணவர்க்கு நிலமிழந்தோர் கதை அயற்கதையன்று. பள்ளி நூலகத்துக்கு நூல் தேரும் ஆசிரியர்கள் இவ்விரண்டையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைப்பார்களாக.