தறியை விட்ட கை

சதுரம், முக்கோணம், தட்டையான நிறம். இந்த வடிவியல் அச்சோவியத்துக்கு அச்சுப் பட்டறை எதற்கு, கணினிக் கோப்பு போதாதா என்பது இப்போது காட்சிக்கூடங்களில் நாகரிகமான பேச்சு. இங்க்ஜெட்டில் நூறு தாள் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போட்டுவிட்டால் அது ‘வரம்பிட்ட பதிப்பு’. சுத்த சோம்பேறித்தனம்.

வடிவியல் அருவக் கலைக்கு வழிபோட்ட மாலெவிச், மோந்திரியான், பௌஹவுஸ் கலைப்பள்ளி எல்லாம் தெரிந்த கதை. அந்தக் கலை அச்சுப் பட்டறைக்குள் வந்த கதையைப் பார்ப்போம். 1960இல் கலைஞர் ஜூன் வெய்ன் லாஸ் ஏஞ்சலஸில் டாமரிண்ட் லித்தோகிராஃபி (கல்லச்சு) பட்டறையைத் தொடங்கினார். 1963இல் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸின் ‘இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்’ நூல் சில்க் ஸ்கிரீன் வண்ணத்தாள்களோடு வந்தது. நம்மூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே முறைதான்: நிறத்துக்கு ஒரு சட்டம், ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. மை மெழுகிவிட்டதுபோல் படியும். இங்க்ஜெட் நிறமோ பொடிப்புள்ளிகளின் கூட்டம். பூதக்கண்ணாடி வைத்தால் விளிம்பு கலைந்துபோகும். பக்கத்து நிறம் ஒரு நிறத்தை வேறாகக் காட்டும் என்பதே ஆல்பர்ஸின் பாடம். அந்த உரசல் நடப்பது விளிம்பில் அல்லவா?

ஜோசப்பைப் பற்றி எழுதி மாளாதவர்கள் அவர் மனைவி ஆனி ஆல்பர்ஸை அரை வரியில் கடந்துவிடுகிறார்கள். 2018இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் ஆனிக்குப் பெரிய கண்காட்சி நடந்த பிறகும் கொண்டாட்டம் அவருடைய நெசவுக்குத்தான். 1949இலேயே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்ட நெசவாளர் அவர். 1963இல் கணவரோடு டாமரிண்டுக்குப் போனவரை, நீங்களும் கல்லில் வரைந்து பாருங்கள் என்று அழைத்தார் வெய்ன். அப்போது ஆனிக்கு 64 வயது. அடுத்த ஆண்டே ‘லைன் இன்வால்வ்மென்ட்ஸ்’ என்ற கல்லச்சு வரிசை பிறந்தது. 1970 வாக்கில் தறியையே விட்டுவிட்டார்.

‘ரெட் மீண்டர்’ (சிவப்பு வளைவழி) என்ற பெயரில் 1954இல் ஒரு நெசவு செய்திருந்தார். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு அதே வளைவழியை சில்க் ஸ்கிரீனில் போட்டார். நெசவில் பாதை எது, தரை எது என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். அச்சில் சிவப்பின்மேல் சிவப்பு ஏறி நடுவில் வேறொரு சிவப்பு முளைக்கிறது. முன்னே நின்ற பட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் போய்விடுகிறது. நூல் பாவுக்கும் ஊடைக்கும் கட்டுப்பட்டது. மைக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனால் எந்த இழை மேலே, எது கீழே என்று நாற்பதாண்டு எண்ணிப் பழகிய கைதான் இங்கே மையின் அடுக்கைத் தீர்மானிக்கிறது. கணவர் ஜோசப் வரைந்த சதுரங்கள் இதற்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் வாத்தியார்த்தனமாகவே தெரிகின்றன.

பட்டறையில் நிறத்தை அடுக்கும் இந்த வழியில் இன்று நடப்பவர்கள் சிலரே. அமெரிக்கக் கலைஞர் பாலி அப்ஃபெல்பாம், பென்சில்வேனியாவின் டர்ஹம் பிரஸ் அச்சுப் பட்டறையில், சின்னஞ்சிறு மரக்கட்டைகளுக்குத் தனித்தனியாக மை தடவி, புதிர்த்துண்டுகள்போல் அச்சுமேடையில் அடுக்கி அழுத்துகிறார். இரண்டு நிறங்கள் முட்டும் இடத்தில் மயிரிழை வெள்ளை ஓடுகிறது, ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு அகலத்தில்.