வாசலோடு நின்றுவிடும் கேள்வி

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது 28 பேர் கருகி இறந்தார்கள். சங்கிலியால் கட்டிவைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் மனநோய்க்கு அந்தச் சட்டம் தரும் வரையறையில் அறிவுசார் குறைபாடு சேராது. வளர்ந்த மகனை ஜன்னல் கம்பியில் சேலைத் தலைப்பால் கட்டிவிட்டு வேலைக்குப் போகும் தாயிடம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கொடுமைக்கு எதிராக உள்ள பொதுப் பிரிவைத்தான் காட்ட முடியும். கட்டாமல் வேறு என்ன செய்வது என்று அவர் கேட்டால் சட்டத்தில் பதில் இல்லை. ‘நேர்மறை நடத்தை ஆதரவு’ என்ற முறை அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வருகிறது.

1980களில் அமெரிக்காவில் இது உருப்பெற்றது. அதற்கு முன் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் குழந்தைக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதுகூட சிகிச்சை என்றே கருதப்பட்டது. கார், டூரண்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழி காட்டியது: அடியும் கத்தலும் பல நேரம் ஒரு கோரிக்கை; அதே கோரிக்கையை வேறு விதமாகத் தெரிவிக்கக் கற்றுக்கொடுத்தால் அடி குறைகிறது. இந்தியாவில் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனத்தில் ரீட்டா பெஷாவரியாவும் எஸ்.வெங்கடேசனும் 1992இல் உருவாக்கிய மதிப்பீட்டு அளவை, பிரச்சினை நடத்தைகளை 10 பிரிவுகளில் 75 கூறுகளாகப் பிரித்தது. ‘இவன் முரடன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல் என்ன செய்கிறான், எத்தனை தடவை செய்கிறான் என்று பார்க்கச் சிறப்பாசிரியர்களுக்கு அது கருவியானது.

இந்த முறையின் பலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, வடசென்னைக் காசிமேட்டில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்வோம். பேச்சு வராத பதினேழு வயதுப் பையன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறான், சுவரில் தலையை மோதுகிறான். கோடு போட்ட நோட்டில் அம்மா மூன்று கட்டம் எழுதுகிறார்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன நடந்தது. பத்து நாள் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால், சாயங்காலம் முற்றத்து அடிபம்பில் குடம் குடமாகத் தண்ணீர் அடிக்கும் நேரத்தில்தான் கடி அதிகம். அந்த நேரத்தில் அவனை மாடிப்படிக்கு அழைத்துப் போகலாம், ‘போதும், வெளியே போகணும்’ என்று காட்ட ஒரு பட அட்டை தரலாம். மீதியுள்ள கடிகள் சாப்பாட்டுக்குப் பிறகு வருகின்றன. வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை. பல் வலியை ‘அடம்’ என்று எண்ணி மாதக்கணக்கில் அதட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோபத்தை அடக்க மாத்திரை கொடுப்பதற்கு முன்பே இந்தத் தேடல் நடந்தாக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நம் ஊருக்கு வந்து சேரும்போது முதலில் உதிர்வது இந்தத் தேடல்தான். மிஞ்சுவது பரிசு: உட்கார்ந்தால் பிஸ்கட், கத்தாமல் இருந்தால் செல்போன். காரணம் தேடப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். பிஸ்கட்டுக்கு எதுவும் வேண்டாம். பல் வலியோடு அமைதியாக உட்காரும் பையனுக்குப் பிஸ்கட் கொடுப்பது, வலியை மறைக்கக் கற்றுக்கொடுப்பதாகிவிடும். ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் இன்று உலகெங்கும் சொல்லும் குறை இதுவே: கை உதறுவதை நிறுத்தினீர்கள், அது யாரைத் தொந்தரவு செய்தது? இலக்கை யார் வைத்தது என்ற கேள்வியை இந்த முறையைக் கையாளும் பலர் இன்னும் நேராகச் சந்திக்கவில்லை.

வடசென்னையில் இன்னொரு குறையும் பெரிதாகத் தெரிகிறது. ‘முன்னால் என்ன நடந்தது’ என்ற கட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் தெருவுக்கு ஓடினார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த இரவு. செய்தியாகாத நாற்றமும் இங்கே உண்டு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் ஏர் ஹாரனும் உண்டு. வாசனையும் சத்தமும் உடம்பைக் குத்தும் ஒருவருக்கு இவைதான் காரணம் என்றால், அம்மாவின் நோட்டில் அவற்றைக் குறித்து என்ன பயன்? அடிபம்பு நேரத்தில் அவனை மாடிப்படிக்கு அழைத்துப் போக அவரால் முடியும். லாரியை நிறுத்த முடியாது. நடத்தைத் திட்டத்தின் ஒரு பிரதி மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போக வேண்டும். சிகிச்சையில் அரசியல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். காரணத்தைத் தேடுவதுதான் முறை என்றால், தேடல் காரணம் இருக்கும் இடம்வரை போயாக வேண்டும்.

அதுவரை முழுச் சுமையும் அம்மா தலையில்தான். நோட்டு எழுதுவது, அட்டை வெட்டுவது, கூட்டிக்கொண்டு அலைவது எல்லாம் அவரே. சென்னையில் பெயர் சொன்னதும் நினைவுக்கு வரும் நிலையங்களான கோட்டூர்புரம் வித்யாசாகர், தரமணி ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம், மாற்றுத்திறனாளிகளுக்கான முட்டுக்காடு தேசிய நிறுவனம் ஆகிய மூன்றும் அடையாற்றுக்குத் தெற்கே இருக்கின்றன. எண்ணூரிலிருந்து முட்டுக்காடு நகரத்தின் மறுகோடி. 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது பெரிய உதவி. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் தெரபிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. உலக வங்கி உதவியுடன் தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டம், சேவையை வீடுகளுக்கு அருகே கொண்டுவர ‘விழுதுகள்’ மையங்களைத் திறக்கிறது. திசை சரியானது. ஆனால் மையத்தில் பிசியோதெரபிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எண்ணுவது சுலபம். ஒரு வீட்டில் கட்டு அவிழ்ந்ததா என்பதையும் யாராவது எண்ண வேண்டும்.

நபரை மையமாக வைக்கும் சேவை என்ற பேச்சும் இங்கேதான் சோதனைக்கு வருகிறது. சேவைப் படிவத்தில் ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்ற கட்டத்தை அம்மாவோ ஆசிரியரோ நிரப்புகிறார்கள். பையன் வளர்ந்ததும் தொழிற்பயிற்சி என்று மெழுகுவர்த்தி, காகிதக் கவர், ஃபினாயில். மீனவர் வீட்டுப் பையனுக்குப் பிடித்தது துறைமுகமாக இருக்கலாம். ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் வலை பரப்பி உட்கார்ந்து கிழிசல் தைக்கிறார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, தெரிந்த முகங்கள், தெரிந்த வாசனை. வகுப்பில் ‘குறை’ என்று எழுதப்பட்ட அதே திரும்பச் செய்யும் பழக்கம் அங்கே கைத்திறனாகலாம். அவன் அங்கே போய் உட்கார, முதல் சில மாதங்கள் கூடவே இருக்க ஒரு ஆள் வேண்டும். இரைச்சல் கூடும்போது ஒதுங்க ஒரு நிழல் வேண்டும். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று அவன் காட்டும் அட்டையை மதிக்கும் மேஸ்திரி வேண்டும். அந்தக் கூட இருக்கும் ஆளின் சம்பளத்தைத்தான் அரசு முதலில் ஒதுக்க வேண்டும், கட்டடத்துக்கும் கருவிக்கும் ஒதுக்குவதற்கு முன்.