செவிக்குத் திறக்கும் வீடுகள்

ஜெர்மனியின் ஐசனாக் நகரில் உள்ள பாக் இல்லத்தில் யோஹான் செபாஸ்டியன் பாக் பிறக்கவில்லை. 1685இல் அவர் பிறந்த வீடு இதுதான் என்று நம்பித்தான் 1907இல் அதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஆவணங்களைத் துருவியபோது, அவருடைய தந்தையின் வீடு வேறொரு தெருவில் இருந்தது 1928இல் தெரியவந்தது. ஆனாலும் ஜெர்மனியின் இசையமைப்பாளர் இல்லங்களில் முதல் மரியாதை இதற்கே உரியது. வருகிறவர்களின் காதுக்கு இங்கே வேலை இருக்கிறது.

வாத்தியக் கூடத்தில் மணிக்கொரு முறை ஒரு கலைஞர் உட்கார்ந்து ஹார்ப்சிகார்ட், ஸ்பினெட், கிளாவிகார்ட், சிறிய வீட்டு ஆர்கன் என்று பழங்கால வாத்தியங்களில் பாக்கின் இசையை வாசித்துக் காட்டுகிறார். ஆர்கனின் முறை வரும்போது கூட்டத்திலிருந்து ஒருவரை அழைத்துத் துருத்தியை இயக்கச் சொல்வார்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் ஒரு ஆர்கன் பாட இன்னொரு மனிதரின் உடலுழைப்பும் தேவைப்பட்டது என்பதை எந்த விளக்கப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

அதைவிடவும் அருமையானது கிளாவிகார்ட். அதன் ஒலி மிக மெல்லியது. பக்கத்தில் யாராவது பேசினாலே மறைந்துவிடும். கட்டையை அழுத்தினால் சிறு பித்தளைத் தகடு கம்பியைத் தொடும். விரலை எடுக்கும்வரை தொட்டபடியே நிற்கும். அதனால் ஒலி எழுந்த பிறகும் விரலின் அழுத்தத்தால் சுரத்தை லேசாக அசைக்க முடிகிறது. பியானோவில் அது நடக்காது. சுத்தியல் அடித்துவிட்டு விலகிவிடும். பாக்குக்கு மிகவும் பிடித்தது கிளாவிகார்ட்தான் என்று அவருடைய ஆரம்பகால வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஃபோர்கெல் எழுதியிருக்கிறார். பெரிய அரங்குகளில் கான்சர்ட் பியானோவில் மட்டுமே பாக்கைக் கேட்டவர்களுக்கு, இந்தச் சின்னக் குரல் வேறொரு மனிதரை அறிமுகப்படுத்துகிறது.

பான் நகரின் பீத்தோவன் இல்லம் பிழைத்ததே பெரிய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மதுக்கூடம் நடந்தது. கட்டடம் இடிபடும் நிலை வந்தபோது, 1889இல் நகரவாசிகள் பன்னிரண்டு பேர் சங்கம் அமைத்து அதை வாங்கினார்கள். வயலின் மேதை யோசெஃப் யோவாகிம் சங்கத்தின் கௌரவத் தலைவரானார். 1893இல் அருங்காட்சியகம் திறந்தது. 1956இல் சூரிச்சைச் சேர்ந்த சேகரிப்பாளர் போட்மரின் கையெழுத்துப் பிரதித் தொகுப்பும் வந்து சேர, பீத்தோவன் ஆய்வுக்கே தலைமையிடமாகிவிட்டது.

1770இல் பீத்தோவன் பிறந்த மாடியறை தாழ்ந்த கூரையுடன் மிகச் சிறியது. இளவயதில் அரசவை இசைக்குழுவில் அவர் வாசித்த வியோலாவும் இந்த வீட்டில்தான் இருக்கிறது. காது மங்கிய பீத்தோவனுக்குக் கருவிக் கண்டுபிடிப்பாளர் மெல்ட்செல் செய்துகொடுத்த காதுக்குழல்களின் முன்னால் பலரும் நின்றுவிடுகிறார்கள். பியானோ தயாரிப்பாளர் கொன்ராட் கிராஃப் செய்த பியானோவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செவி அநேகமாக முழுதும் அடைபட்ட கடைசிக் காலத்தில் வந்த வாத்தியம் அது. வழக்கமான மூன்று கம்பிகளுக்குப் பதிலாக, ஒரு சுரத்துக்கு நான்கு கம்பிகள்!

ட்ஸ்விக்காவ் நகரில் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் பிறந்த வீடு சிதிலமடைந்ததால் இடிக்கப்பட்டு, 1956இல் மறுபடி கட்டித் திறக்கப்பட்டது. சுவர் புதிது என்று குறைசொல்பவர்கள் உண்டு. ஆனால் உள்ளே அவருடைய மனைவி கிளாரா ஷூமன் சிறுமியாக வாசித்த பியானோ இருக்கும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை.

லைப்சிக் நகரின் கதை வேறு. அங்கே இசையமைப்பாளர் மெண்டல்சனின் நினைவை அழிக்கவே முயற்சி நடந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக நாஜிகள் 1936இல் அவருடைய சிலையை அகற்றினார்கள். அதை ஏற்காத மேயர் கோர்டெலர் பதவி விலகினார். 1847இல் மெண்டல்சன் உயிர்விட்ட வீடோ, போருக்குப் பிறகு கவனிப்பாரின்றிக் கிடந்தது. கண்டக்டர் குர்ட் மசூர் முன்னின்று நிதி திரட்டி, சரியாக 150 ஆண்டுகள் கழித்து 1997இல் அருங்காட்சியகமாகத் திறக்கவைத்தார். அகற்றிய சிலையின் மறுவார்ப்பு 2008இல் தோமா தேவாலயத்துக்கு அருகில் எழுந்தது.

மெண்டல்சன் வீட்டில் ஞாயிறுதோறும் காலை 11 மணிக்குக் கச்சேரி. பெர்லினில் மெண்டல்சன் குடும்பத்தார் நடத்திய ஞாயிற்றுக்கிழமை இசைக்கூட்டங்களின் வாரிசு என்றே இதைச் சொல்லலாம். அந்தக் கூட்டங்களைப் பின்னாளில் நடத்தியவர் மெண்டல்சனின் அக்காள் ஃபானி ஹென்செல். அவருடைய ஆறு பாடல்கள் தம்பியின் பெயரில்தான் அச்சேறின. விக்டோரியா மகாராணி விரும்பிப் பாடிய பாடல் அவற்றில் ஒன்று. அது அக்காளுடையது என்று மெண்டல்சனே அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2017 முதல் ஃபானிக்கும் இந்த வீட்டில் தனிக் காட்சிக்கூடம் இருக்கிறது.