சாம்பல் நிறத்தில் ஒரு மலை

மேல் அம்புக்குறியை அழுத்தினால் பென்குயின் இரண்டு துடுப்புச் சிறகையும் அடித்து வேகமெடுக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வாக்கில் வந்தபிறகும் விடாமல் அழுத்திப் பாருங்கள், வேகம் குறையும். டக்ஸ் ரேசர் விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. கார் பந்தய விளையாட்டிலெல்லாம் விசையை அழுத்திப் பிடித்தவனுக்கே சாதகம். இங்கே ஆர்வக்கோளாறுக்குத் தண்டனை உண்டு. வேகம் கூடிய உடலுக்குச் சிறகை விரிப்பது காற்றில் முட்டுக்கட்டை போடுவதுதானே? அதே சிறகு அந்தரத்தில் வேறு வேலை பார்க்கும். மேட்டிலிருந்து எகிறியதும் அடித்தால் கொஞ்சம் கூடுதலாகப் பறக்கலாம்.

மற்றபடி கதை என்று ஒன்றும் கிடையாது. பென்குயின் வயிற்றால் சறுக்கி மலையிறங்க வேண்டும், வழியில் மீன் பொறுக்க வேண்டும், மரத்தில் மோதக் கூடாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜாஸ்மின் பாட்ரி என்ற மாணவர் இதைக் கணினி வரைகலைப் பாடத்தின் இறுதிச் செயல்திட்டமாக எழுதி, 2000-ஆம் ஆண்டில் மூலநிரலோடு வெளியே விட்டார். அதன் வாரிசான எக்ஸ்ட்ரீம் டக்ஸ் ரேசர் இப்போதும் லினக்ஸ் கிடங்குகளில் கிடைக்கிறது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் வந்து சேர்ந்த வழி அரசு லேப்டாப். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம்; அப்போது இந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது, தனி மாவட்டமானது 2019-இல்தான். முதலில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மூடியைத் திறந்து பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும், எது வேண்டும் என்று சில நொடி காத்திருக்கும். கை விண்டோஸுக்குத்தான் போகும், அது இயல்பு. அந்தப் பட்டியலில் பாஸைத் தேர்ந்தவருக்கு, சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்துக் கட்டிய ஒரு முழு உலகம் இருந்தது. அதில் ஒரு சின்ன விநோதம்: விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்கள் லினக்ஸில் டிரைவருக்காக மண்டையை உடைத்துக்கொண்ட காலத்தில், மடிக்கணினிகளில் சகஜமாக இருந்த இன்டெலின் மலிவு கிராஃபிக்ஸ் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது. அதற்கான டிரைவர் லினக்ஸ் கர்னலோடு சேர்ந்தே வந்ததுதான் காரணம்.

ஆட்டத்துக்கு வருவோம். பனித்தூளில் போகும்போது பென்குயினுக்குப் பின்னால் ஒரு தடம் விழும். பக்கவாட்டில் தூள் சிதறும். உறைந்த ஆற்றின்மேல் ஏறியதும் பிடிமானம் போய்விடும், திருப்பினால் திரும்பாது. பாறையில் பட்டால் இழுத்துப் பிடித்ததுபோல் வேகம் செத்துவிடும். தரையின் குணம் மாறுவதை விரல் முதலில் உணர்கிறது, கண் அப்புறம்தான்.

இந்த மலைகள் எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்று உள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் அழகு. ஒவ்வொரு மலைக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் மூன்று படங்கள். ஒன்று மேடுபள்ளம்: கறுப்பு முதல் வெள்ளை வரை சாம்பல் சாயலில் தீட்டியது, வெளுக்க வெளுக்க உயரம். இரண்டாவது தரை, மூல விளையாட்டில் கறுப்பு பனிக்கட்டி, சாம்பல் பாறை, வெள்ளை பனித்தூள். மூன்றாவதில் மரம், மீன், கொடி எல்லாம் வெறும் வண்ணப் புள்ளிகள். மலையின் மொத்தச் சரிவு படத்தில் இல்லவே இல்லை. அது தனியாக ஓர் எண், இத்தனை பாகை என்று. சாய்த்து வைத்த பலகையில் மண் கொட்டி மேடு கட்டுகிற மாதிரி. கிம்ப் என்ற படம் தீட்டும் மென்பொருளைத் திறந்து பிரஷ்ஷால் ஒரு தீற்று தீற்றினால் குன்று முளைத்துவிடும்.

அப்படியானால் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையைத் தீட்டலாமா? வடக்கே சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. சாம்பல் சாயல் 256 படிகள்தான். 4,000 அடியை அதில் அடக்கினால் ஒரு படிக்கு ஏறக்குறைய 16 அடி. மலைக்கிராமத்து வீடு ஒன்று முழுசாக ஒரே சாயலுக்குள் காணாமல் போகும். வெள்ளிமலைப் பக்கம் மேட்டுச் சமவெளியாக ஏறி இறங்கிக் கிடப்பதால் பென்குயின் அங்கே நின்றுவிடும். துடுப்புப் போட்டுத்தான் நகர்த்த வேண்டும். இந்த விளையாட்டுக்கு ஒரே திசையில் இறங்கத்தான் தெரியும், மலையின் மறுபக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே விளிம்பிலிருந்து ஆரம்பித்து, கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணை வரைக்குமான இறக்கம்தான் இதற்குச் சரிப்படும். பெரியார் அருவிக்கு உறைபனிக் கறுப்பு. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை வரையாமல் விட்டுவிடலாம், பென்குயினுக்கு ரோடு எதற்கு?

பழைய விளையாட்டுகளின் கிறுக்குத்தனமும் இதே லினக்ஸில்தான் நன்றாகப் பிழைத்திருக்கிறது. ஜான் ரொமேரோ எழுதிய டேவ், பள்ளிக் கணினி அறைகளில் ஒரு தலைமுறையையே கெடுத்த ஆட்டம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு நீளச் சந்துக்குள் டேவ் தனியாக நடந்து போவான், இன்னும் இத்தனை பாக்கி என்று மேலே ஒரு வரி வரும். ஆட்டத்தில் அவன் நிதானமாக நடக்கிற ஒரே இடம் அதுதான். பழைய டாஸ் கணினியைப் போலி செய்யும் டாஸ்பாக்ஸில் அதை ஓட்டலாம். டாஸ் காலத்து ஆட்டங்கள் சில பிராசசரின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை, இன்றைய கணினியில் தலைதெறிக்க ஓடும். டாஸ்பாக்ஸில் கன்ட்ரோலோடு எஃப்11-ஐத் தட்டத் தட்ட அடங்கும்.

விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் ஆட்டங்களை 64 பிட் விண்டோஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட 1993-இல் தொடங்கிய வைன், 64 பிட் லினக்ஸில் அவற்றைத் திறந்து காட்டுகிறது. வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த புரோட்டானும் 2022-இல் வந்த ஸ்டீம் டெக்கும் இந்த வைனின் தோளில் ஏறி நிற்பவைதான். புது ஆட்டம் ஓடுவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ, பெற்ற வீடு கைவிட்ட பழைய ஆட்டத்துக்கு இங்கே பாய் விரிப்பதில்தான் வைனின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.