மரண இரயிலும் மிதிவண்டியும்: அண்மை வாசிப்புச் சிந்தனைகள்

அண்மைக் காலத்தில் நாம் வாசித்த நூல்கள் ஒரு துறைக்குள் அடங்குவன அல்ல. பிரெஞ்சுப் புதினங்கள் இரண்டு, வரலாற்று ஆய்வுகள் இரண்டு, மலேசியத் தமிழ்ப் புதினங்கள் இரண்டு. திட்டமிட்டுத் தெரிந்தெடுத்தவையும் அல்ல. எனினும் அவற்றை அடுத்தடுத்துப் படித்தபொழுது, மலாயாத் தோட்டத் தமிழன் ஒரு நூலில் தோன்றி மற்றொன்றில் மறைவதைக் காண நேர்ந்தது.

ஆன்றி ஃபோக்கோனியே சிலாங்கூரில் இரப்பர்த் தோட்டம் அமைத்தவர், தமிழ் கற்றவர். அவருடைய 'மலேசி' 1930இல் கொங்கூர் பரிசு பெற்றது. காட்டையும் மலாய்ப் பந்துன்களையும் அவர் எழுதும் பக்கங்கள் அழகு மிக்கவை. தமிழ்த் தொழிலாளியோ துரையின் பார்வை எட்டும் அளவுக்கே உருப்பெறுகிறான். பியேர் பூல் செய்தது அதனினும் வியப்புக்குரியது. அவரும் போருக்குமுன் மலாயாத் தோட்டங்களில் பணியாற்றியவரே. ஆயின் 1952இல் அவர் எழுதிய குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய புதினத்தில் பாலத்தை எழுப்புவோர் ஆங்கிலேயக் கைதிகள். 1957இல் வந்த திரைப்படமும் அவ்வழியே சென்றது. அப்படம் தமிழர் வாழும் இலங்கையில், கித்துல்கலையில் எடுக்கப்பட்டது என்பது ஒரு கசப்பான முரண்.

உண்மை நிலை வேறு. 1942 முதல் 1943 வரை சப்பானியர் அமைத்த ஏறத்தாழ 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா இரயில் பாதையில் உழைத்த கூட்டணிப் படைக் கைதிகள் சற்றொப்ப 60,000 பேர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ இரண்டு இலட்சம். அவர்தம் இறப்பு பல பத்தாயிரங்கள். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோருள் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். கைதிகள் நாட்குறிப்புகளும் நினைவு நூல்களும் விட்டுச் சென்றனர். நம்மவர் விட்டுச் சென்ற எழுத்து மிகச் சொற்பம்.

ஆகவே ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை புதினத்தின் பணியோடு ஆவணத்தின் பணியையும் சுமக்க வேண்டியவையாயின. இதனைப் போற்றுகின்றோம். ஆனால் 'பதிவு செய்தார்' என்னும் பாராட்டோடு நம் திறனாய்வு நின்றுவிடுகிறது. அது படைப்பாளிக்கு மாலை அணிவித்துவிட்டு நூலைத் திறவாமல் வைப்பதற்கு ஒப்பாகும். இப்புதினங்களைக் கண்ணீர் வரலாறாக மட்டுமே வகுப்பில் கற்பிக்கும் வழக்கம் பற்றியும் நமக்கு ஐயம் உண்டு.

அந்த ஐயத்தை வலுப்படுத்தியது மைக்கேல் ஸ்டென்சனின் 1980ஆம் ஆண்டு நூல். கே. எஸ். சந்துவின் 1969ஆம் ஆண்டு ஆய்வு, ஒப்பந்தமுறை 1910இலும் கங்காணிமுறை 1938இலும் முடிந்த கதையைப் புள்ளிவிவரங்களால் நிறுவுகிறது. அதனை விஞ்சிய தரவுத் தொகுப்பு அரிது. ஆனால் அங்குத் தொழிலாளி ஓர் எண். ஸ்டென்சன் விவரிக்கும் 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்திலோ அவன் வாய் திறக்கிறான். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்கு இழைக்கப்படும் தொல்லையை நிறுத்துதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி ஆகியவை கோரிக்கைகள். அவற்றோடு ஒன்று: துரையின் முன்னும் கிராணியின் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை. கூலி உயர்வைவிட இச்சிறு கோரிக்கையே நம் உள்ளத்தில் தங்கியது. மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைதாக, கிளர்ச்சி பரவியது. படை வந்தது, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியர் வந்திறங்கினர். கிள்ளான் பள்ளத்தாக்கில் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்த அதே தலைமுறைதான் ஈராண்டுக்குள் சயாமுக்கு வண்டியேற்றப்பட்டது. அவர்களை ஊமைகளாகவே காணும் வாசிப்பு இவ்வரலாற்றின் முன் நிற்காது.

இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் வளர்ந்த பிரிக்பீல்ட்சில் இன்று தமிழ் நூல் வாங்கும் மாணவருக்கு இத்தொடர்பைச் சுட்டுவது கடினமன்று. மரண இரயில் புதினத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், முதல் இயலுக்கு முன்னர் 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைப் பட்டியலை மாணவரிடம் வாசிக்கக் கொடுக்கலாம். பின்னர் அம்மனிதர் புதினத்தில் எங்கெங்கே பேசுகின்றனர், எங்கே பேச்சற்றுப் போகின்றனர் எனத் தேடச் சொல்லலாம்.