கணினிக் கலைச்சொல்லும் வினையாட்சியும்

கலைச்சொல்லை ஆராய்வோர் அது தூய தமிழ்தானா என்றே முதற்கண் வினவுவர். அது வினையாகவும் நடக்க வல்லதா என்பதே அதனினும் இன்றியமையாத வினா என யாம் கருதுகிறோம்.

‘துருவு’ என்னும் வினையடி இகர விகுதி பெற்றுத் ‘துருவி’ எனக் கருவிப் பெயராதல் அடுக்களை வழக்கு. அந்நெறியிலேயே ‘உலாவு’ என்பது ‘உலாவி’ ஆயிற்று. மரபு வழிப்பட்ட ஆக்கமாதலின் அதில் குறை காண்டல் அரிது.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக விசைப்பலகைக்குத் ‘தமிழ் 99’ என்னும் பொது அமைப்பு வாய்த்தது. சொற்களுக்கோ அத்தகைய பொதுமை முற்றும் வாய்க்கவில்லை. தமிழகத்தார் ‘பதிவிறக்கம்’ என்பதனை ஈழத்தார் ‘தரவிறக்கம்’ என்பர். இறக்கப்படுவது தரவே ஆதலின் பொருட்பொருத்தம் ஈழச் சொல்லுக்கே மிகுதி.

ஆயினும், திருவண்ணாமலையில் ரமணாசிரமப் பகுதிச் செங்கம் சாலைக் கடைகளில் யாம் கேட்டது ‘டவுன்லோடு பண்ணு’ என்பதே. இதற்கு மக்களைக் குறைகூறுதல் பொருந்தாது. ‘பதிவிறக்கம் செய்’ என்பதும் பெயரோடு துணைவினை சேர்ந்த அதே அமைப்பினதன்றோ? அமைப்பும் ஒன்றாய், சுருக்கமும் இன்றாயின், பழகிய சொல்லை அவர் கைவிடுதற்குக் காரணம் யாது? இவ்விரு தமிழ்ச் சொற்களின் உள்ளே உறங்கும் ‘இறக்கு’ என்னும் வினையோ, ‘படத்தை இறக்கு’ எனத் தனித்து நின்றே பொருளுணர்த்தும்.

ஆகவே, கலைச்சொல் அகராதிகள் வினையை முன்னும் பெயரைப் பின்னும் வைத்தல் வேண்டும். வினையாய் வழங்காத சொல் ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்க.