பேருந்து இரைச்சலில் விண்வெளி நாடகம்: விஎல்சி செயலி குறித்த ஒரு மதிப்பீடு

அறிவியல் புனைகதை ஒலிநாடகம், அதாவது விண்கலமும் வேற்றுக்கோளும் எந்திர மனிதரும் குரல், ஓசை, மௌனம் ஆகிய மூன்றால் மட்டுமே உருப்பெறும் வானொலிக் கலை, ஊத்துக்கோட்டை போன்ற ஊரில் பெரும்பாலும் பயணத்தின்போதுதான் கேட்கப்படுகிறது. ரயில் நிலையம் இல்லாத இந்த எல்லையோர ஊரிலிருந்து பெரியபாளையம் வழியாகச் சென்னைக்கும், மறுபுறம் திருவள்ளூருக்கும், ஷிப்டு வேலைக்காகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் செல்வோர் பேருந்தையும் கம்பெனி வண்டியையுமே நம்பியிருப்பதால், ஓர் ஒலிச்செயலியின் தரத்தை எஞ்சின் உறுமலுக்கும் ஹாரனுக்கும் நடுவில் வைத்து அளப்பதே நியாயமானது. இந்த மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட விஎல்சி, 1996-இல் பாரிஸ் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் திட்டமாகத் தொடங்கி, இன்று வீடியோலேன் என்னும் லாபநோக்கற்ற அமைப்பால் பராமரிக்கப்படும் இலவசச் செயலி. அதன் மூலநிரல் எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்திருக்கிறது, விளம்பரம் எதுவும் குறுக்கிடுவதில்லை. நாடகத்தின் உச்சகட்டத்தில் விளம்பரம் புகாமலிருப்பது, இக்கலையை நேசிப்பவருக்குப் பெரிய நிம்மதி.

சோதனைக்குப் பயன்பட்டவை பெரும்பாலும் அமெரிக்காவின் என்பிசி வானொலி ஒலிபரப்பிய இரு தொடர்கள்: 1950–51-இல் வந்த ‘டைமென்ஷன் எக்ஸ்’, 1955 முதல் 1958 வரை வந்த ‘எக்ஸ் மைனஸ் ஒன்’. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணையக் காப்பகத்தில் இவற்றின் ஒலிக்கோப்புகள் கிடைக்கின்றன. அரைமணி நேர நாடகம் ஒன்று, நொடிக்கு 64 கிலோபிட் என்னும் அளவில் சுருக்கப்பட்டால், ஏறத்தாழ 14 மெகாபைட் இடமே பிடிக்கும் என்பதால், 120-க்கும் மேற்பட்ட பகுதிகள் கொண்ட ‘எக்ஸ் மைனஸ் ஒன்’ முழுவதையும் இரண்டு கிகாபைட்டுக்குள் அடக்கிவிடலாம். வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டு புறப்பட்டால் வழியில் சிக்னல் மெலிவதைப் பற்றிய கவலையும் இல்லை; இந்த ஒரு காரணத்துக்காகவே, இணையத்திலிருந்து நேரடியாக இழுத்து ஒலிக்கும் ஸ்ட்ரீமிங் செயலிகளைவிடக் கோப்புகளை ஒலிக்கும் இந்த எளிய செயலி இவ்வூர்ப் பயணிக்குப் பொருத்தமானது.

இச்சோதனையில் மிகுந்த மகிழ்ச்சி தந்தது, எழுபது ஆண்டுப் பழைமையான அந்நாடகங்கள் இன்றைய பேருந்தில் அவ்வளவு தெளிவாகக் கேட்பதுதான். அவை அன்றைய மத்திய அலை ஒலிபரப்புக்காகவும் சிறிய ஒலிபெருக்கிக்காகவும் தயாரிக்கப்பட்டவை. மிகத் தாழ்ந்த ஓசையும் மிக உயர்ந்த ஓசையும் அவ்வழியில் ஒழுங்காகச் சென்று சேராது என்பதை அறிந்திருந்த தயாரிப்பாளர்கள், மனிதக் குரலை முன்னால் நிறுத்தி, பொருள் விளங்குவதற்குத் தேவையான நடுப்பகுதி அலைவெண்களிலேயே நாடகத்தைக் கட்டினார்கள். பேருந்து எஞ்சினின் இரைச்சலோ பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே திரண்டிருக்கிறது. விஎல்சியின் ஈக்குவலைசரில், அதாவது ஒலியை அலைவெண் வாரியாகப் பிரித்துக் கூட்டவும் குறைக்கவும் உதவும் பகுதியில், 250 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளவற்றைத் தாழ்த்தி, 2,000 முதல் 4,000 வரை உள்ளவற்றைச் சற்றே உயர்த்தினால், மெய்யொலிகள் கூர்மை பெற்று வசனம் இரைச்சலுக்கு மேலே எழுந்து நிற்கிறது. இதற்கு மாறாக, டக்ளஸ் ஆடம்ஸ் எழுதி 1978-இல் பிபிசி ரேடியோ 4 ஒலிபரப்பிய ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ ஸ்டீரியோ ஒலியில், பிபிசியின் ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப் உருவாக்கிய நுண்ணிய மின்னணு ஓசைகளோடு அமைந்தது என்பதால், அதன் அழகில் பாதி சாலையிலேயே கரைந்துபோகிறது. அதை இரவில் வீட்டில் கேட்பதே தகும்.

நாடகங்களுள் பயணத்துக்கு மிகவும் ஏற்றது ‘தி கோல்டு ஈக்குவேஷன்ஸ்’. டாம் காட்வின் எழுதிய சிறுகதையிலிருந்து 1955-இல் உருவான அந்நாடகத்தில், அளந்து நிரப்பிய எரிபொருளோடு செல்லும் சிறு விண்கலத்தில் ஒளிந்து ஏறிய இளம்பெண்ணும் அதன் ஓட்டியும் பேசுவதே பெரும்பகுதி. இரு குரல்களும் நன்கு வேறுபடுவதால் யார் பேசுகிறார் என்ற குழப்பம் எழுவதில்லை, இடையில் விழும் மௌனமோ நெஞ்சை அழுத்துகிறது. மரே லெய்ன்ஸ்டரின் ‘எ லாஜிக் நேம்டு ஜோ’ 1946-இலேயே வீட்டுக்கு வீடு இருந்து எந்தக் கேள்விக்கும் விடைதரும் கணிப்பொறியைக் கற்பனை செய்த கதை. அதன் நாடக வடிவத்தைக் கைபேசியில் கேட்பது தனி அனுபவம்.

அமெரிக்க ஆங்கிலத்தின் வேகம் தமிழ்ச் செவிக்குத் தடையாக இருப்பின், குரலின் சுருதி மாறாமலேயே வேகத்தைக் குறைக்கும் வசதி துணைசெய்யும், ஆயினும் 0.9 மடங்குக்கும் கீழே சென்றால் பின்னணி இசை நடுங்கி ஒலிப்பதோடு, நடிகர்கள் அளந்து விட்ட இடைவெளிகளும் நீண்டு நாடகம் தளர்ந்துவிடுகிறது. வேகத்தை மாற்றாமல் அதே பகுதியை இரண்டாம் முறை கேட்பது மேல்.

செயலியின் உண்மையான குறை நூலகப் பகுதியில் இருக்கிறது. பழைய வானொலிக் கோப்புகளுக்குள் பதிந்திருக்கும் தலைப்பு, தொடர்ப்பெயர் முதலிய விவரங்கள் ஒரே சீராக இல்லாததால், அவற்றை வைத்து வரிசைப்படுத்தும் விஎல்சி ஒரே தொடரின் பகுதிகளைப் பல இடங்களில் சிதறடித்துவிடுகிறது. கோப்புறை வழியே திறந்தால் மட்டுமே ஒலிபரப்பான நாள்வரிசை கிடைக்கிறது. நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் தொடர்கிறதா என்பதையும் முதல் நாளிலேயே அமைப்புகளில் சரிபார்த்துக்கொள்வது அவசியம். ஒலியை இயல்பான அளவுக்கு மேலும் பெருக்கும் வசதி இருப்பினும், நெடுநேரப் பயணத்தில் அதை நாடுவது செவிக்குத் தீங்கு. காதுத்துளையை நன்கு அடைக்கும் ரப்பர் முனை கொண்ட சாதாரண இயர்போன், இரைச்சலைக் குறைத்து அந்தத் தேவையையே இல்லாமல் செய்துவிடும்.

இக்கலை தமிழிலும் செழிக்க இடமுண்டு. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது. ஆர்சன் வெல்ஸின் புகழ்பெற்ற அறிவியல் புனைகதை ஒலிநாடகமான ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ அதே ஆண்டு அக்டோபர் 30-இல் அமெரிக்காவில் ஒலித்தது. இவ்வளவு நீண்ட வானொலி மரபுடைய தமிழில், ஒலிநாடகமாக்கத் தக்க கதைகளும் உண்டு; தொலைக்காட்சித் தொடராகவும் வந்த, எழுத்தாளர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ அவற்றுள் ஒன்று. எந்திர நாய் ஜீனோவின் பேச்சையே பெரிதும் நம்பியிருக்கும் அது, பல குரல்களோடும் ஓசைகளோடும் அரைமணிப் பகுதிகளாக அமைக்கப்படுவதற்கு எல்லா வகையிலும் ஏற்றது. அப்படி அமைப்போர் அதைப் பேருந்தில் கேட்பவரையும் மனத்தில் வைத்து, என்பிசியின் அந்தப் பழைய தயாரிப்பாளர்களைப் போலவே, குரலை முன்னால் நிறுத்திப் பதிவுசெய்ய வேண்டும்.